ஊர் பேர் தெரியாத கதைகள்

இன்பாக்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் நாள் தவறாமல் வந்து குவிகின்றன நகைச்சுவைத் துணுக்குகளும் நீதிக்கதைகளும் ‘சிந்திக்க ஒரு நிமிடம்’ செய்திகளும். இவற்றில் எதை நம்புவது, எதை அடுத்தவருக்கு அனுப்புவது? நீலகிரி மலையில் நடந்த சில நிஜக் கதைகளிலிருந்து இதற்கு விடை தேடலாம்.

சுதந்திர தினம் நெருங்கினால் போதும், அந்தச் செய்தி எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும். மேலே மெக்காலே பிரபுவின் படம் இருக்கும். கீழே, 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் பேசியதாக ஒரு பத்தி. இந்தியாவை நெடுக்கும் குறுக்குமாகச் சுற்றி வந்தேன், ஒரு பிச்சைக்காரனையோ ஒரு திருடனையோ பார்க்கவில்லை, இவர்களுடைய பண்பாட்டின் முதுகெலும்பை முறிக்காமல் இந்த நாட்டை வெல்ல முடியாது என்ற ரீதியில் அது போகும். இருபது ஆண்டுகளாக இந்தப் பத்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. மின்னஞ்சலில் கிளம்பியது முகநூலுக்கு வந்து, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு ஏறி, அரசியல் மேடைகளிலும் ஒலித்துவிட்டது.

அந்தப் பேச்சை மெக்காலே பேசவில்லை. பேசியிருக்கவும் முடியாது. அன்றைக்கு அவர் லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுத்தான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். இந்த மண்ணில் கால் வைத்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கொஞ்ச காலத்திலும் கணிசமான பகுதியை அவர் கழித்த இடம் ஊட்டி.

இந்த ஒரு விவரம் தெரிந்தால் போதும், அந்தப் பத்தி உதிர்ந்துவிடும். ஆனால், வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு “இதைச் சொன்னது யார், எங்கே, எப்போது?” என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. சிரிக்க வைக்கும் கதையையும் சிந்திக்க வைக்கும் கதையையும் பகிர்வது மனிதர்களுக்குள்ள நல்ல குணம். அந்தக் குணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கதையோடு அதன் ஊரையும் பேரையும் சேர்த்தே பகிர வேண்டும். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது இதைத்தான்.

பல்லக்கில் வந்த சட்ட உறுப்பினர்

1833-ம் ஆண்டு சாசனச் சட்டம், கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் சட்ட உறுப்பினர் என்ற புதிய பதவியை உருவாக்கியது. அந்தப் பதவியில் முதலில் அமர்ந்தவர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. 1834 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அவர், ஜூன் 10 அன்று சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங் பிரபு அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். புதிய உறுப்பினரை நேராக மலைக்கே வரச் சொல்லிவிட்டார்.

மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908-ல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முந்தைய பயணம் இது. பெங்களூர், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல் தூரம் மெக்காலேயைப் பல்லக்குத் தூக்கிகள் தோளில் சுமந்து வந்தார்கள். ஊட்டியும் அப்போது குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மழைக்காலம் முடியும் மட்டும் மலையில் இருந்துவிட்டு, மெக்காலே மறுபடி சென்னைக்கு இறங்கி, கடல் வழியாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1835 பிப்ரவரிக்குள் அவர் பார்த்த இந்தியா இவ்வளவுதான்: இரண்டு துறைமுக நகரங்கள், அவற்றில் ஒன்றிலிருந்து மலைக்கு ஏறி இறங்கிய பாதை, ஒரு மலை ஊர். நெடுக்கும் இல்லை, குறுக்கும் இல்லை.

அந்தப் போலிப் பத்தியில் நிஜமாக இருப்பது அதன் தேதி மட்டும்தான். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே கல்கத்தாவில் ஒரு குறிப்பு எழுதினார். இந்தியக் கல்வி பற்றிய அந்தக் குறிப்பு இன்றும் முழுதாகப் படிக்கக் கிடைக்கிறது. இந்தியாவும் அரபு நாடும் சேர்ந்து படைத்த இலக்கியம் முழுவதையும் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரிக்கு ஈடில்லை என்று அதில் ஒதுக்கித் தள்ளுகிறார். ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியராக, ரசனையாலும் சிந்தனையாலும் ஆங்கிலேயராக ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்கிறார். மெக்காலேயோடு வாதாட விரும்புகிறவருக்கு அவர் கைப்பட எழுதிய இந்தச் சான்றே தாராளமாகப் போதும். இல்லாத பேச்சு ஒன்றைப் புனைய வேண்டிய தேவையே இல்லை.

போலிச் செய்தியால் வரும் முதல் நஷ்டம் இதுதான். பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் மெய்யான வழக்கும் தோற்றுப்போகும். காலனியக் கல்வி நமக்கு என்ன செய்தது என்பது பேச வேண்டிய பெரிய விஷயம். போலிப் பத்தியை நம்பி அதைப் பேசப் போகிறவரை எதிராளி ஒரே நொடியில் வாயடைக்கச் செய்துவிடலாம்.

ஊட்டி மழையில் கைமாறிய நாவல்

அதே 1834 மழைக்காலம், அதே ஊட்டி, அதே மெக்காலே. இந்த முறை நிஜக் கதை.

மெக்காலே மலைக்கு வந்தபோது தன்னோடு ‘கிளாரிஸா’ நாவலையும் கொண்டுவந்திருந்தார். சாமுவேல் ரிச்சர்ட்ஸன் எழுதி 1748-ல் வெளிவந்து முடிந்த அந்த நாவல், தொடக்கம் முதல் முடிவு வரை கடிதங்களாலேயே ஆனது. ஓர் இளம்பெண் தன் தோழிக்கு எழுதுகிறாள், அவளை ஏமாற்றியவன் தன் நண்பனுக்கு எழுதுகிறான். முதல் பதிப்பு ஏழு தொகுதிகள். மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, வெளியே போக வழியில்லாத அந்தச் சின்ன ஊரில் புத்தகம் ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தது. கவர்னரின் மனைவி அதைப் பறித்துக்கொண்டாராம். அடுத்த தொகுதி எப்போது கைக்கு வரும் என்று அரசுச் செயலாளர் காத்துக் கிடந்தாராம். தலைமை நீதிபதிக்குக் கண்ணீர் மறைத்ததால் எழுத்து தெரியவில்லையாம். மலையில் இருந்த மொத்த வெள்ளைக்காரக் கூட்டமும் கிளாரிஸாவின் கதி என்னவாகும் என்று பரிதவித்திருக்கிறது.

இதை மெக்காலேயே லண்டன் அதீனியம் கிளப்பின் நூலகத்தில் மேலும் கீழும் நடந்து, நடித்துக் காட்டிச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் நாவலாசிரியர் வில்லியம் தாக்கரே. மெக்காலே 1859 டிசம்பரில் மறைந்த பிறகு, 1860-ல் ‘கார்ன்ஹில்’ பத்திரிகையில் எழுதிய அஞ்சலிக் கட்டுரையில் தாக்கரே இதைப் பதிவு செய்தார்.

இந்தக் கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். நண்பர்களிடம் கதை சொல்லும்போது சுவை கூட்டுவது இயல்பு. ஆனாலும் இதை நம்மால் எடை போட முடிகிறது. நாவலை எழுதியவர் யார், ஊட்டிக்குக் கொண்டுவந்தவர் யார், கதையாகச் சொன்னவர் யார், கேட்டு எழுதியவர் யார், எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு என்று ஒவ்வொரு கண்ணியும் தெரிகிறது. மிகை எங்கே சேர்ந்திருக்கும் என்றுகூட ஊகிக்கலாம். ஒரே மனிதரைப் பற்றி, ஏறக்குறைய ஒரே காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன. ஊர் பேர் இல்லாதது உலகமெல்லாம் சுற்றுகிறது. ஊரும் பேரும் உள்ளதை ஊட்டியில் வாழ்கிறவர்களிலேயே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கார்டில் வந்த சாபம்

கதையைக் கையோடு கை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. நடு வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அஞ்சல் அட்டைகள் நினைவிருக்கும். ஏதோ ஒரு கோயிலில் அம்மன் பாம்பு வடிவில் வந்து பேசியதாக எழுதியிருக்கும். படித்தவர் அதே செய்தியை இத்தனை பேருக்கு எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பியவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார் என்று முடியும். அனுப்பியவர் கையெழுத்து இருக்காது. நம்பிக்கை இல்லாதவர்களும் எதற்கு வம்பு என்று உட்கார்ந்து எழுதினார்கள்.

1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே, பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா தன் நண்பரோடு சேர்ந்து தொடங்கிய ஹாட்மெயில் வந்தது. பணம் கட்டாமல் யாரும் ஒரு முகவரி வைத்துக்கொள்ளலாம் என்றானதும், அலுவலகங்களில் கதைகள் பறக்கத் தொடங்கின. எழுத்துருச் சிக்கல் இருந்த அந்தக் காலத்தில் தமிழ் நகைச்சுவைகள் ஆங்கில எழுத்தில் ஏறி வந்தன, அல்லது படமாக வந்தன.

மின்னஞ்சலில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஃபார்வர்டு செய்யச் செய்ய, யார் யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்ற வரிசை கடிதத்தின் மேலேயே நீண்டுகொண்டு போகும். கதை எழுதியவர் பெயர் தொலைந்தாலும் அது வந்த வழி தெரியும். வாட்ஸ்அப்பில் அந்த வழியும் அழிந்தது. நமக்கு அனுப்பியவர் பெயர் மட்டும்தான் தெரியும். அவருக்கு அனுப்பியவர் யார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இதனால் உயிர்களும் போயின. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற குடும்பம் ஒன்றைக் குழந்தை கடத்தும் கும்பல் என்று நினைத்துக் கூட்டம் தாக்கியது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாள்களில் குழந்தை கடத்தல் வதந்திகள் அந்த வட்டாரத்துச் செல்போன்களில் பரவிக் கிடந்தன. நாட்டின் வேறு பகுதிகளிலும் இதே போன்ற கொலைகள் நடந்தன. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் ஃபார்வர்டு செய்யப்பட்ட செய்திக்கு அடையாளக் குறி போட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்றும் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பல முறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. இந்தக் கட்டுப்பாடுகள் வேகத்தைக் குறைக்கும். உண்மையா என்று பார்க்கும் வேலை இன்னும் நம்முடையதுதான்.

பேரைத் தொலைத்தவர்கள்

நீதிக்கதைகளால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் இல்லைதான். ஆனால் இழப்பு உண்டு.

கடற்கரையில் ஒதுங்கிய நட்சத்திர மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் எறியும் சிறுவனின் கதையைப் படிக்காதவர் இருக்க மாட்டார். ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே, இதனால் என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் கேட்பார். இந்த ஒரு மீனுக்கு வாழ்வு கிடைத்ததே என்பான் சிறுவன். இதன் மூலத்தை எழுதியவர் அமெரிக்க மானுடவியலாளர் லோரன் ஐஸ்லி. 1969-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் மீன்களை எறிபவர் வளர்ந்த மனிதர். அந்தக் கடைசி வசனமும் அதில் கிடையாது. எதிலும் நம்பிக்கையற்று அந்த மனிதரைக் கடந்து போகும் ஐஸ்லி, மனப் போராட்டத்துக்குப் பிறகு திரும்பி வந்து, தானும் சேர்ந்து மீன்களை எறியத் தொடங்குகிறார். சாவையும் அறிவியலையும் இரக்கத்தையும் பற்றிய ஆழமான கட்டுரை அது. கைமாறிக் கைமாறி ஆசிரியரும் போனார், அந்த மனப் போராட்டமும் போனது. நான்கு வரி நீதிதான் மிஞ்சியது.

சேற்றில் சிக்கிய பணக்கார வீட்டுப் பையனை ஓர் ஏழை விவசாயி காப்பாற்றுகிறார். அந்தப் பையன் வின்ஸ்டன் சர்ச்சில், விவசாயியின் மகன் பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் என்று ஒரு கதை வரும். அது கட்டுக்கதை என்று ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார். ஆனாலும் கதை நிற்கவில்லை. நம் ஊரில் அப்துல் கலாம் பெயரிலும் விவேகானந்தர் பெயரிலும் சுற்றும் பொன்மொழிகளுக்கு அளவே இல்லை. நூல் பெயரோ உரை நிகழ்ந்த இடமோ அவற்றில் இருப்பது அபூர்வம். தாங்கள் சொல்லாததையெல்லாம் சொன்னதாகப் பெரியவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்த விஷயத்தில் தமிழ் வார இதழ்களுக்கு அருமையான மரபு ஒன்று உண்டு. இரண்டே வரி ஜோக்காக இருந்தாலும் அதன் கீழே எழுதியவர் பெயரும் ஊரும் அச்சாகும். அப்போதெல்லாம் மணியார்டரில் சிறு சன்மானமும் வரும். குன்னூரிலோ கோவில்பட்டியிலோ இருந்துகொண்டு அஞ்சல் அட்டையில் துணுக்கு எழுதிப் போட்டவருக்கு அந்தப் பெயர்தான் பெரிய பரிசு. மொய் நோட்டில் ஐம்பது ரூபாய்க்குக்கூட ஊரும் பேரும் எழுதி வைக்கிற சமூகம் இது. அந்த ஜோக்குகளில் பல இன்று பெயர் வெட்டப்பட்டு, ‘படித்ததில் பிடித்தது’ என்ற ஒரே தலைப்பின் கீழ் சுற்றுகின்றன.

ஊட்டி கிளப் சுவரில் ஒட்டிய விதிகள்

பேர் தொலைந்த கதை ஒன்றுக்கு அறுபது ஆண்டுகள் கழித்துப் பேர் திரும்பக் கிடைத்ததும் ஊட்டியை ஒட்டி நடந்ததுதான்.

1875-ல் ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் மழைக்கால மாலைகளில் பில்லியர்ட்ஸ் மேசையில் பொழுதைக் கழித்தார்கள். நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, ஏற்கெனவே இருந்த ஆட்டத்தில் வெவ்வேறு நிறப் பந்துகளைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்தார். ஒரு நாள், சுலபமான பந்தைக் குழிக்குள் தள்ளத் தவறிய சக அதிகாரியை “ஸ்நூக்கர்” என்று அழைத்தார். ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கிண்டலாகக் கூப்பிடும் பேர் அது. இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தானே என்று அவரே சமாதானமும் சொல்ல, ஆட்டத்துக்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பிறகு சேம்பர்லின், சென்னை ராணுவத் தளபதி ஃபிரெடெரிக் ராபர்ட்ஸிடம் பணியாற்றினார். கோடையில் ராணுவத் தலைமையும் ஊட்டிக்கு ஏறிவிடும். 1882-ல் ஆட்டத்தின் விதிகளை ஒழுங்காக எழுதி, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டினார்கள்.

ஆட்டம் உலகமெல்லாம் பரவியது. கண்டுபிடித்தவர் பெயர் மட்டும் கூடவே போகவில்லை. யார் யாரோ உரிமை கொண்டாடினார்கள். கடைசியில், எண்பது வயதைத் தாண்டிய சேம்பர்லின், 1938 மார்ச்சில் லண்டன் ‘தி ஃபீல்டு’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நடந்ததைச் சொன்னார். அவரோடு பணியாற்றிய மூத்த அதிகாரிகள் அதை ஆமோதித்தார்கள். அப்படித்தான் வழக்கு தீர்ந்தது. அவர் 1944-ல் காலமானார். அந்தக் கடிதத்தை எழுதாமல் போயிருந்தால் ஸ்நூக்கரும் ஊர் பேர் தெரியாத கதையாகவே இருந்திருக்கும். இப்போதும், ஹிட்லரோடு மியூனிக் ஒப்பந்தம் போட்ட பிரதமர் நெவில் சேம்பர்லினையும் இவரையும் ஒரே ஆள் என்று குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

சுள்ளி சொன்ன கதைகள்

வெள்ளைக்கார அதிகாரிக்குப் பத்திரிகை இருந்தது. மலையின் சொந்த மக்களுடைய கதைகளுக்கு?

கனடாவில் பிறந்த மொழியியலாளர் முர்ரே எமனோ 1930-களில் நீலகிரிக்கு வந்தார். தோடர், கோத்தர், படகர் மொழிகளை ஆராய்ந்தார். கோத்தர்கள் இரும்பு வேலை, மட்பாண்டம், மரவேலை, இசை எல்லாவற்றிலும் தேர்ந்த சிறு சமூகம். மலையில் அவர்களுக்கு ஏழு ஊர்கள். அவர்களுடைய மொழிக்கு எழுத்து வடிவம் கிடையாது. கொல்லிமலை என்ற கோத்தர் ஊரைச் சேர்ந்த சுள்ளி என்பவர் எமனோவுக்குக் கதை சொல்ல உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல எமனோ எழுதினார். 1944 முதல் 1946 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ‘கோத்தா பனுவல்கள்’ என்ற தொகுதிகளை வெளியிட்டது. கோத்த மொழியில் மூலம், பக்கத்திலேயே ஆங்கில மொழிபெயர்ப்பு.

சுள்ளி வெறும் தகவல் தந்தவர் அல்லர். ஆசிரியராக இருந்தவர். கோத்த ஆண்கள் குடுமி வைத்திருந்த காலத்தில், ஊரின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு முடியை வெட்டிக்கொண்டவர். அதே காலத்தில் கோத்தர்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம், ‘தன் மக்களின் சீர்திருத்தவாதி’ என்று சுள்ளியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். எமனோ பின்னாளில் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து 1961-ல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார். தமிழின் தங்கை மொழிகளைப் பற்றி உலகம் அறிந்ததில் இந்த மலைக் கதைசொல்லிகளின் குரல் கலந்திருக்கிறது.

எழுத்தே இல்லாத ஒரு மொழியின் கதைகளுக்குச் சொன்னவர் பெயர், ஊர், காலம் எல்லாம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. எழுத்து, கேமரா, இணையம் எல்லாம் கையிலேயே இருக்கும் நமக்கு, காலையில் வந்த கதையை யார் எழுதினார்கள் என்று மாலையில் தெரிவதில்லை. சொன்னவரை மதிக்க வேண்டும் என்ற எண்ணம் எமனோவிடம் இருந்தது. நம்மிடம் அது தேய்ந்துவருகிறது. கருவிகளைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை.

குன்னூர், 2021 டிசம்பர்

2021 டிசம்பர் 8 நண்பகல். சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் மூடுபனிக்கிடையே விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். அதில் பயணம் செய்த 14 பேரில் ஒருவர்கூட இறுதியில் மிஞ்சவில்லை.

அன்றே ஃபார்வர்டுகள் கிளம்பிவிட்டன. வானில் ஒரு ஹெலிகாப்டர் தீப்பற்றி விழும் காட்சி, குன்னூர் விபத்து என்ற தலைப்போடு நாடெங்கும் சுற்றியது. அது 2020-ல் சிரியாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரின் காட்சி. துக்கத்தில் இருந்த குடும்பங்களின் செல்போன்களுக்கும் அது போயிருக்கும் என்பதை அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை.

அதே நேரத்தில் நஞ்சப்பசத்திரத்தில் நிஜமான கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. குடியிருப்பு மக்கள் தண்ணீரைக் குடங்களிலும் வாளிகளிலும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். காயம்பட்டவர்களையும் உடல்களையும் தூக்கிச் செல்ல, டிசம்பர் குளிரில் தாங்கள் போர்த்தியிருந்த கம்பளிகளையும் வீட்டுப் போர்வைகளையும் கொடுத்தார்கள். சில நாள்களில் ராணுவ அதிகாரிகள் அந்த ஊருக்கே வந்து நன்றி சொன்னார்கள். ஓராண்டுக்கு ஊரைத் தத்தெடுத்து, மாதந்தோறும் மருத்துவ உதவி அளிப்பதாக அறிவித்தார்கள். பகிரத் தகுந்த கதை என்றால் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. விபத்தில் பலத்த தீக்காயங்களோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங், வெலிங்டன் கல்லூரியில் பயிற்றுநராக இருந்தவர். ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார். 2020-ல் பறக்கும்போது கோளாறான தேஜஸ் விமானத்தைக் கைவிடாமல் பத்திரமாகத் தரையிறக்கியதற்காகச் சௌர்ய சக்ரா விருது பெற்றவர். அந்த விருது கிடைத்த பிறகு, 2021 செப்டம்பர் 18 தேதியிட்டு, தான் படித்த சண்டிமந்திர் ராணுவப் பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். சராசரி மாணவர்களுக்குப் படித்துக் காட்டத் தகுந்த கடிதம் அது. படிப்பில் சராசரியாக இருப்பது தவறில்லை, எல்லோரும் தொண்ணூறு மதிப்பெண் வாங்கிவிட முடியாது, பள்ளி மதிப்பெண்தான் வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் மனசுக்குப் பிடித்த வேலையைக் கண்டுபிடித்து அதில் முழு உழைப்பையும் போடுங்கள் என்று தன் கதையையே சொல்லியிருந்தார்.

விபத்துக்குப் பிறகு அந்தக் கடிதம் லட்சக்கணக்கான கைகளுக்குப் போனது. பிரதமரும் டிசம்பர் 26 வானொலி உரையில் அதைக் குறிப்பிட்டார். தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல ஆயிரம் அநாமதேயக் கதைகள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கடிதத்துக்கு ஒரு மனிதரின் வாழ்வு ஈடாக நிற்கிறது. சொன்னவர் யார், எந்த நிலையில் சொன்னார், சொன்னபடி வாழ்ந்தாரா என்பதெல்லாம் தெரிகிறது. ஒரு பள்ளி மாணவன் இதை நம்புவதற்கு அதுவே காரணம்.

அனுப்பும் முன் மூன்று கேள்விகள்

யார் சொன்னது? எந்த ஊர்? எப்போது? இந்த மூன்றையும் கேட்க அரை நிமிடம் போதும். விடை கிடைத்தால், கதையோடு சேர்த்து அதையும் எழுதி அனுப்புங்கள். ஒரு தலைவரின் பெயரில் வந்த பொன்மொழிக்கு நூலோ உரையோ தெரியவில்லை என்றால், அவருடைய பெயரை எடுத்துவிடுங்கள். ஒரு சம்பவம் நடந்த தேதியும் இடமும் தெரியாத காட்சி வந்தால், அது உங்கள் செல்போனிலேயே நிற்கட்டும். வேடிக்கைக்காகப் புனைந்த கதை என்றால், புனைகதை என்று ஒரு சொல் சேர்த்து அனுப்புங்கள். சுவை ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு வேண்டுகோள், குறிப்பாக மலையில் வாழ்கிறவர்களுக்கு. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிவந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இலை பறித்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. தோடர் மந்துகளிலும் படகர் ஹட்டிகளிலும் கோத்தர் ஊர்களிலும் கதை சொல்லத் தெரிந்த பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். சிரிக்க வைக்கும் கதைகளும் சிந்திக்க வைக்கும் கதைகளும் அவர்களிடம் ஏராளம். கையில் இருக்கும் செல்போனில் அவர்களுடைய குரலைப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போதே அவர்கள் பெயரையும் ஊரையும் அன்றைய தேதியையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர்கள் சம்மதித்தால் பத்துப் பேருக்கு என்ன, பத்தாயிரம் பேருக்கு அனுப்புங்கள்.